சன்பேக் விமானம்: ஒடியாது என்பதுதான் சிக்கல்

போன மாதம் ஒரு மாணவர் தான் செய்த ரேடியோ கன்ட்ரோல் விமானத்தைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். இறக்கையின் மேல்பக்கம் பளிச்சென்று வெள்ளை. திருப்பினால் சிவப்பு எழுத்தில் 'எலி, கரப்பான், கரையான் தொல்லையா?' என்று கேட்டது. அதற்குக் கீழே ஒரு செல்போன் எண்ணில் முதல் ஐந்து இலக்கம். மீதி ஐந்து இலக்கம் வாலில் இருந்தது. "செலவே இல்ல சார், போர்டெல்லாம் ரோட்டோரம் விழுந்து கிடந்தது" என்றார்.

வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மூக்கில் பழைய ஐந்து ரூபாய் நாணயங்கள் ஆறு, டேப் போட்டு ஒட்டியிருந்தன. ஒன்று 9 கிராம் என்றால் மொத்தம் 54 கிராம். "இல்லேன்னா வால் சாயுது சார், ஏன்னு தெரியல" என்றார். விமானத்தைக் காதருகே வைத்து ஆட்டினேன். வாலுக்குள் ஏதோ சலசலத்தது. வாலைக் கழற்றி மேசைமேல் தட்டினோம். காய்ந்த மண் கொட்டியது, கூடவே உடைந்த குளவிக்கூடு. துடைத்து எடுத்து எடைபோட்டால் 18 கிராம்.

வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் ஏறக்குறைய மூன்று கிராம் வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் தோராயக் கணக்கு. ஆக, குளவி கட்டிய வீட்டுக்கு இவர் ஆறு நாணயம் வாடகை கொடுத்திருக்கிறார்.

கோயம்புத்தூரில் கல்லூரி, பள்ளி மாணவர்களுக்கு ரேடியோ கன்ட்ரோல் விமானம் செய்யச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சில வருடங்களாக சன்பேக் போர்டில் செய்த விமானங்கள் என்னிடம் நிறைய வருகின்றன. எனக்குப் பிடித்த விஷயம்தான் அது, தடுப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் செய்முறை வீடியோக்களில் 'செலவு இல்லை, உடையாது' என்ற இரண்டு வரியோடு முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டாவது வரியில்தான் எனக்குப் பயம்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். சன்பேக் என்று நாம் கூப்பிடுவது பாலிப்ரொப்பிலீன் தகடு. மேலும் கீழும் மெல்லிய தோல், நடுவில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழல்கள். அட்டைப்பெட்டியின் பிளாஸ்டிக் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்நாட்டில் கோரோபிளாஸ்ட் என்ற கம்பெனிப் பெயரே பொருளின் பெயராகிவிட்டது, நம் ஊரில் சன்பேக் ஆனதுபோல. அமெரிக்காவில் தேர்தல் முடிந்ததும் வீட்டு முற்றங்களில் நட்ட வேட்பாளர் போர்டுகளைச் சேகரித்து விமானம் செய்யும் ஒரு கூட்டமே உண்டு. உடம்புக்கு மழைநீர் இறங்கும் பிளாஸ்டிக் குழாய், இறக்கைக்கு வேட்பாளர். 'சிம்பிள் பிளாஸ்டிக் ஏர்பிளேன் டிசைன்' என்பதைச் சுருக்கி 'ஸ்பேட்' என்று பெயரும் வைத்தார்கள். முதல் உலகப்போரில் பறந்த பிரெஞ்சுச் சண்டை விமானத்தின் பெயரும் அதுதான் என்பதில் அவர்களுக்கு ஒரு குஷி.

அந்தப் போர்டுகள் முற்றத்தில் நிற்பது பெரும்பாலும் தேர்தல் சமயத்துச் சில வாரங்கள்தான். நம் ஊர் போர்டோ, மின்கம்பத்தில் கட்டினால் கம்பி துருப்பிடித்து அறும்வரை இருக்கும். இரண்டு கோடை தாண்டிய வீட்டுமனை விளம்பரங்களை அவிநாசி ரோட்டிலேயே பார்க்கலாம். வெயிலின் புற ஊதாக் கதிர் பாலிப்ரொப்பிலீனை அரித்து, வளையும் பொருளை நொறுங்கும் பொருளாக மாற்றிவிடும். பார்வைக்கு நிறம் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான்.

இதை நான் கற்றது ஒரு இறக்கையை இழந்து. மூன்று வாரம் நன்றாகப் பறந்த விமானம், ஒரு குட்டிக்கரணத்தின் அடிப்பாகத்தில், அதாவது இறக்கைமேல் சுமை அதிகமாக ஏறும் இடத்தில், டப் என்று இரண்டானது. உடம்பு மட்டும் ஈட்டி மாதிரி மண்ணில் இறங்கியது. உடைந்த விளிம்பை விரலால் நெருடினால் அப்பளம் மாதிரி பொரிந்தது.

அதற்குப் பிறகு எந்தப் போர்டு வந்தாலும் முதலில் நகத்தால் கீறுவேன். வெள்ளைப் பொடி நகத்தில் ஒட்டினால் அங்கேயே கதை முடிந்தது. பொடி இல்லையென்றால் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, முழுசாக மடித்து, திருப்பி, மறுபக்கமும் மடிப்பேன். நல்ல பிளாஸ்டிக் என்றால் மடித்த இடம் வெளுக்கும், ஆனால் விடாது. கெட்டுப்போனது இரண்டாவது மடிப்பிலேயே சடக்கென்று சொல்லிவிடும். போர்டின் நடுவிலும் ஒரு துண்டு பார்ப்பது நல்லது, ஸ்டிக்கர் மூடியிருந்த இடமும் திறந்திருந்த இடமும் ஒரே வயதில் இருக்காது.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். பிளெக்ஸ் அடிக்கும் கடைகளில் எழுத்துப்பிழை ஆன போர்டு, நிறம் மாறி அச்சான போர்டு என்று மூலையில் அடுக்கி வைத்திருப்பார்கள். வெயிலையே பார்க்காதவை. "அண்ணே, காலேஜ் பசங்களுக்கு" என்று கேட்டால் டீக்காசுக்குக் கிடைக்கும். மரத்தில் ஆணியடித்து மாட்டியிருப்பதை இழுத்துப் பிய்க்காதீர்கள். போர்டும் கிழியும், பட்டையும் உரியும், ஆணி அங்கேயே நிற்கும். மாட்டியிருக்கும் போர்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது தனிக்கதை.

குழல்களுக்கு வருகிறேன். மண், எறும்பு, குளவிக்கூடு எல்லாம் தட்டினால் வரும். தண்ணீர்தான் மோசம். ஒருமுறை வகுப்புக்கு முந்தின நாள் விமானத்தைக் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன், வால் கீழே இருந்தது. காலையில் பார்த்தால் வெளியே ஒரு சொட்டு ஈரமில்லை. சி.ஜி., அதாவது விமானத்தின் எடை மையம், முந்தின நாளே பார்த்தாயிற்று என்று கையால் எறிந்தேன். மூக்கு மேலே தூக்கி, ஒரு நொடி நின்று, பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. எடுக்கப் போனால் வாலிலிருந்து தண்ணீர் வழிகிறது. பதினைந்து மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது போர்டை வெட்டுவதற்கு முன்பே கழுவி, குழல் செங்குத்தாக இருக்கும்படி ஒரு பகல் முழுக்க நிறுத்தி, காற்றடிக்கும் பம்பால் ஊதி, வெட்டிய பிறகு திறந்த முனைகளில் டேப் ஒட்டிவிடுகிறேன். சி.ஜி.யை முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் கால் பங்கு முதல் முப்பது சதவீதத்துக்குள் வைத்து, பறக்கவிடும் இடத்திலேயே, பறக்கும் அன்றைக்கே, இரண்டு விரல் வைத்துப் பார்க்கிறேன்.

இனி, ஒடியாது என்ற பெருமை. 4 மி.மீ. போர்டு சதுர மீட்டருக்குச் சுமார் 700 கிராம் வரும். 120 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள இறக்கையை மேலும் கீழுமாக மடித்துச் செய்தால் போர்டு மட்டுமே 420 கிராம். அதே இறக்கையை 6 மி.மீ. டெப்ரான் என்ற லேசான ஃபோம் தகட்டில் செய்தால் இதில் மூன்றில் ஒரு பங்குதான். மோட்டார், பேட்டரி, வால் மடல்களை அசைக்கும் குட்டி மோட்டாரான சர்வோ எல்லாம் சேர்ந்து சன்பேக் விமானம் சாதாரணமாக ஒன்றரை கிலோவைத் தொட்டுவிடும். எடை இரட்டிப்பானால், விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 1.4 மடங்கு ஆகும். அதாவது கனமான விமானம் மெதுவாகப் பறக்கவும் மாட்டேன் என்கிறது.

ஒன்றரை கிலோ, மணிக்கு 60 கி.மீ. வேகம். கணக்குப் போட்டால் மோதும் ஆற்றல் சுமார் 208 ஜூல். 160 கிராம் கிரிக்கெட் பந்தை ஒரு வேகப்பந்து வீச்சாளர் 140 கி.மீ. வேகத்தில் வீசினால் 121 ஜூல். அந்தப் பந்துக்கு முன்னால் நிற்க ஹெல்மெட், பேடு, கிளவுஸ் எல்லாம் போட்டுக்கொள்கிறோம். இங்கே மைதான ஓரத்தில் தம்பி தங்கைகளைக் கூட்டிவந்து நிறுத்துகிறோம். ஃபோம் விமானம் யார்மேலாவது மோதினால் நசுங்கி, அடியில் ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். சன்பேக் ஒடியாது. ஒடியாததால் அடியில் பெரும்பகுதி எதிரே இருப்பவருக்குத்தான்.

ஒடியாததில் இன்னொரு வினையும் உண்டு. விழுந்த விமானம் முழுசாகக் கிடப்பதைப் பார்த்ததும் பசங்க மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த நிமிடமே எறிகிறார்கள். போர்டு தாங்கியிருக்கும். உள்ளே சர்வோவின் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் ஒரு பல் போயிருக்கும், மோட்டார் தண்டு வளைந்திருக்கும், லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் மூலை நசுங்கியிருக்கும். ஃபோம் விமானம் உடைந்து, ஒட்ட அரைமணி நேரம் உட்கார வைக்கும். அந்த அரைமணியில் இதெல்லாம் கண்ணில் பட்டுவிடும். சன்பேக்கில் அந்தக் கட்டாய ஓய்வு கிடையாது, நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். என் வகுப்பில் விமானம் விழுந்தால் பேட்டரியைக் கழற்றி வெளியே எடுத்து, திறந்த மண்ணில் தள்ளி வைத்து, உப்புகிறதா, தீப்பிடிக்கிறதா என்று பதினைந்து நிமிடம் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. உப்பியிருந்தாலோ நசுங்கியிருந்தாலோ அந்த பேட்டரி மறுபடி சார்ஜர் ஏறாது. விலை 1,500 ரூபாயாச்சே சார் என்பார்கள். ஆமாம், விலைதான்.

ஒட்டும் வேலையில் எல்லோரும் வழுக்குகிறார்கள், நிஜமாகவே. பாலிப்ரொப்பிலீனில் சாதாரணப் பசை பிடிக்காது. க்ளூ கன் போட்டால் மேசைமேல் கெட்டியாகத் தெரியும், வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் தோல் உரிவதுபோல் வந்துவிடும். சின்ன டார்ச்சின் நீலச் சுடரை ஒட்டவேண்டிய இடத்தின்மேல் சட்டென்று ஓட்டுவது பழைய தந்திரம். உருகக்கூடாது, நிறம் மாறக்கூடாது, சுடர் தடவிவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான். சரியாகச் செய்திருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நிற்காமல் பரவும். அப்புறம் பசை போட்டால் நிற்கும். ஆனால் இறக்கை, மோட்டார் மாதிரி உயிர்நிலையான இணைப்புகளில் பசையை மட்டும் நம்புவதே இல்லை. கேபிள் டை, அல்லது அகல வாஷர் வைத்த ஸ்குரூ.

இதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நம் ஊர் போர்டுகளில் பல நேரடி அச்சு கிடையாது, வினைல் ஸ்டிக்கர் ஒட்டியவை. வினைல் என்றால் பி.வி.சி. அதன்மேல் சுடர் காட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். மூக்கும் தொண்டையும் எரியும். மூடிய அறை என்றால் விளையாட்டில்லை. நகத்தால் ஓரத்தை நெம்பிப் பாருங்கள், படலமாக உரிந்தால் அது ஸ்டிக்கர். ஹேர் டிரையரின் மிதச்சூட்டில் முழுசாக உரித்துவிட்டு, பசைப்பிசுக்கைத் தின்னரால் துடைத்து, தின்னர் வாடை முழுக்கப் போன பிறகுதான் டார்ச் பக்கமே போகவேண்டும். ஸ்டிக்கர் போனால் எடையும் குறையும். வெட்டி மிஞ்சிய துண்டுகளை மைதானத்தில் கொளுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

குழல்கள் இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும், ஆணி ஓட்டைகள் இறக்கை நடுவில் வரக்கூடாது, உள்ளே ஒரு அலுமினியச் சட்டம் வேண்டும். ஒரு பக்கத் தோலை மட்டும் ஒரு குழல் நெடுகக் கீறிவிட்டால் அதுவே கீல், ஆயிரக்கணக்கான தடவை மடங்கும். சன்பேக்கின் அழகே அந்தக் கீல்தான்.

மேசைமேல் மோட்டாரைச் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். 10 அங்குல புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால் நுனியின் வேகம் மணிக்கு 380 கி.மீ.யைத் தாண்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறீர்களா என்று, புரொப்பெல்லர் இல்லாமல், டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். என்னிடம் வரும் விமானங்களில் இதை அமைக்காதவைதான் அதிகம்.

பறக்கவிடும் இடமும் முக்கியம். பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம், அவற்றைச் சுற்றித்தான் நம் கல்லூரிகளில் பல. கல்லூரி மைதானம் என்பதாலேயே பறக்கவிடலாம் என்று ஆகிவிடாது. 2021 ட்ரோன் விதிகளின்படி, அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை மண்டலம் என்று காட்டும் இடத்தில் 400 அடி உயரம் வரை போகலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ.க்குள் என்றால் 200 அடிதான். அதற்கும் உள்ளே அனுமதி இல்லாமல் வேண்டவே வேண்டாம். கிளம்புவதற்கு முன் வரைபடத்தைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

அந்த மாணவரின் விமானத்துக்கு வருவோம். இறக்கை மடிப்புச் சோதனையில் தேறியது, வால் தேறவில்லை. பிளெக்ஸ் கடையில் வாங்கிய வெள்ளைத் துண்டில் புது வால் வெட்டினோம். ஆறு நாணயங்களில் ஒன்றுகூட மூக்கில் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தரிசு நிலத்தில் எட்டு நிமிடம் பறந்து, புல்லில் வயிறு தேய்த்து இறங்கி, மல்லாக்கக் கவிழ்ந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, குனிந்து, இறக்கையைப் படித்தார்.

"எலித் தொல்லை நமக்கும் இருக்குதுங்க தம்பி. நம்பர்தான் பாதி காணோம்."