கொப்பி நூறு வீதம் வந்தாலும் பென் டிரைவைப் பிடுங்காதீங்க!

இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஹட்டனில் கொம்பியூட்டர் திருத்தும் என் கடைக்கு, தோட்டப் பாடசாலை டீச்சர் ஒருவர் கைக்குட்டையில் சுற்றிய பென் டிரைவோடு வந்தார். தவணைப் புள்ளிகள் முழுக்க அதில்தான். திறந்தால் கோப்பின் பெயர் இருக்கிறது, அளவு 0. "நூறு வீதம் வந்த பிறகுதானே தம்பி பிடுங்குனேன்!" என்றார். அந்தப் பாடசாலை மெஷினில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்ததே நான்தான், சொல்லாமல் விட்ட குற்றம் எனக்கும் உண்டு.

அந்த நூறு வீதம், பென்னுக்குப் போன கணக்கே இல்லை. மெமரிக்குப் போன கணக்கு. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எடை பார்த்து, கணக்கப்பிள்ளை பேர் போட்டுவிட்டால் கொழுந்து பெக்டரிக்குப் போய்விட்டதா? லொறி வர வேண்டாமா? லினக்ஸின் உள்மையமான கேர்னலும் அப்படித்தான். வாங்கி மெமரியில் வைத்துக்கொண்டு "சரி, எழுதியாச்சு" என்று சொல்லிவிடும். 5 செக்கனுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, வழக்கமாக 30 செக்கன் பழசானதை அள்ளிக்கொண்டு போகும். மெமரி கூடக்கூட, தேங்குவதும் கூடும். "புது மெஷின், கொப்பி பறக்குது" என்று பெருமைப்படுகிறீர்களே, பறப்பது பென் இல்லை!

கொம்பியூட்டர் வகுப்புக்குப் போகும் பையன்கள் வேறு கதை சொல்கிறார்கள்: "அதையெல்லாம் எப்பவோ மாத்தி எழுதிட்டாங்க அண்ணே." எழுதினார்கள்தான். 2009 டிசம்பரில் வந்த 2.6.32 கேர்னலில், கேர்னல் எழுதுபவர்களில் ஒருவரான ஜென்ஸ் அக்ஸ்போ, மெமரியிலிருந்து டிஸ்க்குக்கு அள்ளும் பகுதியையே பிரித்துப் போட்டார். அதற்கு முன் அப்படி அள்ளிப் போக பிடிஃப்ளஷ் என்று 2 முதல் 8 லொறிகள்தான், எல்லா டிஸ்க்குக்கும் பொது. நொண்டிப் பென் ஒன்று மாட்டினால் லொறிகள் அதன் வாசலிலேயே நிற்கும். இப்போது ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி லொறி. ஆனால் மெமரியில் தேக்கும் மடுவம் அப்படியேதான் இருக்கிறது! அதை எடுத்தால் மெஷின் ஆமை வேகம்தான்.

லைட் அணைந்தது என்று பிடுங்குபவர்களுக்கும் சொல்கிறேன், அடுத்த நடை கிளம்பாததாலும் லைட் அணைந்திருக்கும். 'இஜெக்ட்' அமுக்குங்கள், எடுக்கலாம் என்று அது சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். பின்னேர இடிமழையில் கரண்ட் போகும் ஊரில் யூபிஎஸ் இல்லாமல் செக்ரோல், அதாவது தோட்டச் சம்பளப் பதிவு, அடிக்காதீர்கள். அந்த செக்ரோல் மென்பொருளை எழுதும் தம்பிமாரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: கோப்பை மூடினால் போதாது, மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி முடிக்கச் சொல்லும் எஃப்சிங்க் கட்டளையைக் கூப்பிடுங்கள், அது என்ன பதில் தருகிறது என்றும் பாருங்கள். ஒருமுறை தோற்ற எஃப்சிங்க், மறுமுறை கூப்பிட்டால் பொய்யாக "சரி" சொல்லக்கூடும் என்று 2018இல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை எழுதுபவர்களே திகைத்துப் போனார்கள்.

அதோடு, 'கட்' வேண்டாம், 'கொப்பி' செய்யுங்கள். டீச்சர் செய்தது கட். பென்னில் தேட ஒன்றுமில்லை; பாடசாலை மெஷினில் அழிந்த மூலத்தைத்தான் தேட வேண்டும். நான் வரும்வரை அந்த மெஷினை யாரும் போடாதீர்கள். டீச்சர், இதை வாசித்தால் பிரின்சிபலிடமும் சொல்லிவிடுங்கள்.