மலையில் பாய்ந்த வண்டி தாப்பாவில் ஏன் திணறுகிறது?

மலேசியாவில், கேமரன் மலையின் அடிவாரத்தில் உள்ள தாப்பாவுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், சென்ற மாதம் ஒரு கேள்வியோடு வீட்டுக்கு வந்தார். கேமரன் மலையில் காய்கறி பயிரிட்டு வந்த ஒருவரிடம் பழைய ஏடிவி ஒன்றை, அதாவது மண்பாதையில் ஓடும் நான்கு சக்கர மோட்டாரை, மலிவாக வாங்கியிருக்கிறார். மேலே ஓட்டிப் பார்த்தபோது நன்றாகப் பாய்ந்த வண்டி, லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்த பிறகு, குலைகளைச் சுமந்து மேடேறும்போதெல்லாம் திணறுகிறது. ஆக்சிலேட்டரை விட்டால் புகைபோக்கியில் பட்பட்டென்று வெடிக்கிறது. இயந்திரமும் அளவுக்கு மீறிச் சூடாகிறது. "ஐயா, மேலே காத்து கம்மி, கீழே காத்து அதிகம். அப்படின்னா இங்கேதானே நல்லா ஓடணும்?" என்று கேட்டார்.

அதற்குள் அவர் வீட்டார் கண்ணேறு என்று முடிவு செய்து, வண்டியை முனீஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுபோய், நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருந்தார்கள். பூசையில் எனக்குக் குறையில்லை. என் காருக்கும் செய்தவன்தான் நான். ஆனால் எலுமிச்சம்பழம் காற்றின் அடர்த்தியை மாற்றாது. இங்கே கோளாறு இருந்தது காற்றின் அடர்த்தியில்தான்.

நான்கு வீச்சு இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதை மறுபடி சொல்லப் போவதில்லை. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க ஒன்பதாயிரம் லிட்டருக்கும் மேல் காற்று தேவைப்படும். இந்த விகிதத்தை, மின்சாரமோ கணினியோ இல்லாமல், உள்ளங்கையில் அடங்கும் ஓர் அலுமினியப் பெட்டி அளந்து கொடுக்கிறது. அதுதான் கார்புரேட்டர்.

கார்புரேட்டர் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று பட்டறைகளில் சொல்வார்கள். உண்மையில் அங்கே எதுவும் உறிஞ்சப்படுவதில்லை, தள்ளப்படுகிறது. பெட்டியின் அடிப்பகுதியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. கழிவறைத் தொட்டியில் நீர்மட்டத்தைக் காக்கும் மிதவை போன்ற ஒன்று, அந்தக் கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டத்தைக் காக்கிறது. கிண்ணத்துக்கு வெளிக்காற்றோடு தொடர்புள்ள ஒரு துளை இருப்பதால், பெட்ரோலின் மேற்பரப்பை வளிமண்டலம் முழு அழுத்தத்தோடு எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. கிண்ணத்துக்கு மேலே, இயந்திரத்துக்குள் காற்று போகும் குழாய் ஓரிடத்தில் இடுப்புபோல் குறுகுகிறது. 1797இல் நீரோட்டம் பற்றி எழுதிய இத்தாலியர் வெஞ்சுரியின் பெயரால் அந்த இடுப்பை அழைக்கிறோம்.

குறுகிய இடத்தில் காற்று வேகமெடுக்கும். வேகமெடுத்தால் அழுத்தம் குறையும். பெர்னூலி 1738இல் சொன்ன இந்த விதியை ஐந்தாம் படிவ மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் ஏன் குறைய வேண்டும் என்று கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடும். இப்படி யோசித்துப் பாருங்கள். அகன்ற பகுதியில் மெதுவாக வந்த காற்று இடுப்பில் வேகமாகிறது என்றால், அதை யாரோ பின்னாலிருந்து முன்னே தள்ளியிருக்க வேண்டும். அங்கே தள்ளக்கூடியது பின்னால் உள்ள காற்று மட்டுமே. பின்னாலிருக்கும் அழுத்தம் முன்னாலிருப்பதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் அந்தத் தள்ளல் நடக்கும். ஆகவே இடுப்பில் அழுத்தம் குறைந்திருப்பதுதான் காற்று வேகமெடுப்பதற்கே காரணம். முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகும் இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு சிலிர்ப்பு வரும். வெட்டித் திறந்த கார்புரேட்டர் ஒன்றை ஆய்வகத்துக்குக் கேட்டபோது அதற்கு ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்ததும், அதே ஆண்டு யாரும் கேட்காத வேறு பொருள்கள் வந்து இறங்கியதும் கூடவே நினைவுக்கு வரும். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

இடுப்பில் காற்றின் வேகம் வினாடிக்கு 80 மீட்டர் என்று கொண்டால், அங்கே அழுத்தம் வெளியில் உள்ளதைவிட நூற்றில் நான்கு பங்குகூடக் குறையாது. அந்தச் சிறு வேறுபாடு போதும்; கிண்ணத்திலிருக்கும் பெட்ரோலை வளிமண்டலம் ஜெட் எனப்படும் பித்தளைத் துளை வழியாக மேலே தள்ளிவிடும். காற்றின் வேகம் இருமடங்கானால் அழுத்தக் குறைவு நான்கு மடங்காகிறது. துளை வழியே பாயும் அளவோ அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நான்கின் வர்க்கமூலம் இரண்டு. இருமடங்கு காற்றுக்கு இருமடங்கு பெட்ரோல் வந்து சேர்கிறது. வர்க்கமும் வர்க்கமூலமும் ஒன்றையொன்று இவ்வளவு அழகாக அடித்துக்கொள்வதை வேறு எந்த மலிவான கருவியிலும் நான் கண்டதில்லை.

ஆனால் இந்தக் கணக்கு காற்றின் அடர்த்தி மாறாத வரைதான் செல்லும். பாதி அடர்த்தியுள்ள காற்று அதே வேகத்தில் போனால், காற்றின் நிறை பாதியாகிவிடும். பெட்ரோலோ பாதியின் வர்க்கமூலமான 0.71 பங்குக்கு மட்டுமே குறையும். கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா ஊர் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள குளிரையும் இங்குள்ள வெயிலையும் கணக்கில் கொண்டால், மலைக்காற்றின் அடர்த்தி நம் காற்றில் 88 விழுக்காடு அளவில் இருக்கும். அதாவது, இங்கே சரியாக அமைத்த வண்டியை அங்கே ஏற்றினால் கலவையில் பெட்ரோல் ஆறு, ஏழு விழுக்காடு மிகும். பழைய உரிமையாளர் விவரம் தெரிந்தவர். அந்த மிகுதியைக் குறைக்கச் சிறிய ஜெட் போட்டிருந்தார். வண்டி மலையிறங்கியதும் அதே ஜெட் பற்றாக்குறையாகிவிட்டது. காற்று அதிகமாகக் கிடைத்ததுதான் கோளாறு. பெட்ரோலைப் பீய்ச்சும் புதிய வண்டிகளில் காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் உணரிகள் அளந்துவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

ஊகத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. காற்றின் வழியைக் குறுக்கிப் பெட்ரோல் பங்கைக் கூட்டும் சோக்கைப் பாதி இழுத்து ஓட்டச் சொன்னேன், திணறல் நின்றது. தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றினால் அதன் வெள்ளைப் பீங்கான் சாம்பல்கூடப் படியாமல் வெளுத்திருந்தது. இரண்டுமே பெட்ரோல் போதவில்லை என்பதற்கான அடையாளங்கள். கார்புரேட்டரை இயந்திரத்தோடு இணைக்கும் ரப்பர் கழுத்து வெடித்திருந்தாலும் இதே அறிகுறிகள் வரும் என்பதால், வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது அதன்மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம், ஓட்டத்தில் மாற்றமில்லை. கழுத்து நன்றாகவே இருந்தது.

இயந்திரம் ஆறிய பிறகு, வீட்டுக்கு வெளியே, பெட்ரோல் குழாயை அடைத்துக் கிண்ணத்தைத் திறந்தோம். அடியில் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்திருந்தது. ஜெட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தால், 98 என்ற எண் தெரிந்தது. அந்த வகை ஜெட்டில் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும். 98 என்றால் 0.98 மில்லிமீட்டர். மாணவர் உடனே கம்பியை எடுத்துக் குத்தப் போனார், கையைப் பிடித்துக்கொண்டேன். பாயும் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், துளை 1.00 மில்லிமீட்டரிலிருந்து 1.05 ஆகத் தேய்ந்தாலே பெட்ரோல் பத்து விழுக்காடு கூடிவிடும். தூண்டில் நைலான் இழையாலும் காற்றடிப்பாலும் சுத்தம் செய்தால் போதும்.

பெட்ரோல் ஆறு, ஏழு விழுக்காடு கூட வேண்டுமென்றால் விட்டம் மூன்று விழுக்காடு கூடினால் போதும்; கணக்குப்படி 101 வேண்டும். கடையில் 100, 102 இரண்டும்தான் இருந்தன. சுமை இழுக்கும் வண்டிக்குப் பெட்ரோல் சற்றுக் கூடுவது, குறைவதைவிடப் பாதுகாப்பானது என்பதால் 102ஐ எடுத்தோம். பிறகு, நின்ற இடத்தில் ஓடுவதற்கான சிறு திருகைச் சரிசெய்தோம். இதில் பலர் தடுமாறுவார்கள். திருகு காற்று வடிகட்டியின் பக்கம் இருந்தால் பொதுவாக அது காற்றைக் கட்டுப்படுத்தும். உள்ளே திருகினால் பெட்ரோல் பங்கு கூடும். இயந்திரத்தின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்தும். உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். இயந்திரம் எந்த நிலையில் மிக வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்திவிட வேண்டும்.

ஒரு வாரம் குலை இழுத்த பிறகு பிளக்கைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டினார். பீங்கான் பால் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. பழைய 98ஐ ஒரு தாளில் மடித்து, "மலை" என்று எழுதிக் கருவிப் பெட்டியில் போட்டுவைத்திருக்கிறாராம்.