புள்ளியைத் துரத்தாதீர்கள், பலகையைப் பாருங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பண்டாரவளையில் என் கண் பரிசோதனை அறைக்கு வந்தவருக்கு வயது 46. வங்கி உத்தியோகத்தர். வார இறுதியில் கழகத்தோடு சேர்ந்து பிஸ்டல் சுடுகிறவர். குறிபார்க்கப் பிஸ்டலின் மேல் 'ரெட் டொட்' சைட் பூட்டியிருக்கிறார்: அதன் சின்னக் கண்ணாடியில் ஒரு சிவப்பு ஒளிப்புள்ளி தெரியும், அது இலக்குப் பலகையில் எங்கே விழுகிறதோ அங்கே சுடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மிஸ், என் சைட் பழுதாப் போச்சு. சிவப்புப் புள்ளிக்கு வால் முளைச்ச மாதிரி இருக்கு. அதனாலதான் ஒரு போர்டுல இருந்து அடுத்ததுக்கு மாறுறப்ப லேட்டாகுது. வித்தவங்க மாத்தித் தர மாட்டேங்கிறாங்க. என் கண்ணு ஒழுங்கா இருக்குன்னு ஒரு துண்டு எழுதித் தாங்க."

கடைக்கு அனுப்பிய படம் இருக்கிறதா என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினார். சைட்டின் கண்ணாடி வழியாக எடுத்த படம், நடுவில் புள்ளி. நல்ல வட்டம்.

"இதுல வால் எங்க?"

"படத்துல சரியா விழல்லன்னு நெனச்சேன் மிஸ்" என்றவர், பெரிதாக்கி ஒருமுறை பார்த்துவிட்டுப் போனை மேசையில் வைத்தார்.

அறையை இருட்டாக்கி, எதிர்ச் சுவரோரம் ஒரு சின்னச் சிவப்பு எல்.ஈ.டி. விளக்கை வைத்தேன். அதற்கும் வால் இருந்தது. ஊசித்துளை போட்ட கறுப்புத் தட்டை வலது கண்ணுக்கு முன்னால் பிடித்தேன். வால் போய்விட்டது. அளந்து பார்த்தால் அந்தக் கண்ணில் சிலிண்டர் 1.25. ஐந்து வருடத்துக்கு முன் போட்ட கண்ணாடியில் இருந்தது 0.50.

கண்ணாடிக் கடையில் 'சிலிண்டர் பவர்' என்று சொல்வது அஸ்டிக்மாடிசத்தைத்தான். கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் விழிவெண்படலம் (கோர்னியா) ஒரே சீராக வளையாமல் ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருக்கும். புத்தகம் வாசிக்கும்போது இது அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. இருண்ட பின்னணியில் ஒரு பிரகாசமான புள்ளியைப் பார்த்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சிலருக்கு வால், சிலருக்கு நட்சத்திரம், சிலருக்குத் திராட்சைக் குலை. பிரகாசத்தைக் குறைத்தால் சிதறலும் குறையும், ஆனால் காரணம் போகாது. நீங்களே பார்க்க வேண்டுமென்றால் சைட்டை நேராக வைத்துக்கொண்டு தலையை மட்டும் தோள்பக்கம் சாயுங்கள். வால் தலையோடு சேர்ந்து சாய்ந்தால் அது உங்கள் கண்ணுடையது.

ஆனால் அவர் இலக்கு மாற்றும்போது தாமதமாவதற்கு அந்த வால் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. சுவரில் மூன்று ஸ்டிக்கர் ஒட்டினேன். இரண்டு கையையும் நீட்டிக் கோத்து, கட்டைவிரலைத் தூக்கி, அதையே சைட்டாக நினைத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகச் சொன்னேன். நான் சுவரோடு ஒட்டி நின்று அவருடைய கருவிழியை மட்டும் பார்த்தேன். விரல் நகர நகர, கண்ணும் அதோடு ஒட்டிக்கொண்டே போனது. விரல் ஸ்டிக்கரைத் தாண்டியது, கண்ணும் தாண்டியது, பிறகு இரண்டும் சேர்ந்து திரும்பி வந்தன. அவருடைய நேரம் முழுக்க அந்தத் திரும்பி வருவதில் போய்க்கொண்டிருந்தது.

நம் கண்ணுக்கு இரண்டு விதமான ஓட்டம் உண்டு. ஒன்று தாவல். ஒரு பொருளில் இருந்து இன்னொன்றுக்கு ஒரே எட்டு. பெரிய தாவலில் வேகம் விநாடிக்கு 500 பாகை வரை போகும். மற்றது பின்தொடர்தல். பறக்கும் குருவியைப் பார்க்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போகுமே, அது. அசையும் பொருள் ஏதாவது இருந்தால்தான் கண்ணுக்கு இந்த இரண்டாவது ஓட்டம் வரும், வேகமும் குறைவு. சிவப்புப் புள்ளி பளிச்சென்று அசைகிறது, கண் அதன் பின்னால் போய்விடுகிறது. இரும்பு சைட்டில், அதாவது பிஸ்டலின் மேல் முன்னும் பின்னும் இருக்கும் உலோகக் குறிகளில், பழகி ரெட் டொட்டுக்கு மாறியவர்களிடம் இந்தப் பழக்கத்தை நான் அதிகம் பார்க்கிறேன். முன் சைட்டையே பார்த்துப் பழகிய கண் இப்போது புள்ளியையும் அப்படியே பார்க்கிறது.

தாவும்போது நமக்குக் காட்சி தெரிவதில்லை, மூளை அந்த நேரத்தை மறைத்துவிடுகிறது. கண்ணாடி முன்னால் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவதை உங்களால் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

என் அம்மா முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். சின்ன வயதில் விடுமுறைக்கு மலைக்குப் போனால் அவர் கையைத்தான் வேடிக்கை பார்ப்பேன். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் கண்ணையும் பார்த்தேன். விரல் ஒரு கொழுந்தைக் கிள்ளும்போது அவர் கண் அதில் இருக்காது, அடுத்த கொழுந்தில் இருக்கும். கை தானாக அங்கே போய்ச் சேரும். கூடைக்குள் போடும்போது ஒருநாளும் கூடையைத் திரும்பிப் பார்த்ததில்லை. வங்கிக்காரருக்கு இதைத்தான் சொன்னேன். அவருடைய பாட்டியும் மலையில் வேலை செய்தவராம், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

இலக்கு மாற்றுவதும் அதே வேலைதான். சுட்ட பலகையை விட்டுக் கண் முதலில் அடுத்த பலகைக்குத் தாவ வேண்டும், அதுவும் பலகை முழுவதற்கும் அல்ல, அதன் நடுவில் ஒரு சின்ன இடத்துக்கு. கண் அங்கே நிலைத்த பிறகு கை வரும், புள்ளி தானாகக் காட்சிக்குள் நுழையும். ஒலிம்பிக்கில் 25 மீற்றர் விரைவுப் பிஸ்டல் போட்டியில் பக்கத்துப் பக்கத்தில் ஐந்து இலக்குகள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெடி, ஐந்துக்கும் சேர்த்து முதலில் 8 விநாடி, பிறகு 6, கடைசியில் 4. அங்கே ரெட் டொட் அனுமதி இல்லை, திறந்த இரும்பு சைட்தான். ஐ.பி.எஸ்.சி. (சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பு) முறைப் போட்டிகளில் ரெட் டொட்டுக்கென்றே பிரிவுகள் உண்டு, வங்கிக்காரர் பழகுவது அதற்குத்தான்.

ரெட் டொட்டின் அமைப்பே பலகையைப் பார்ப்பதற்காகச் செய்தது. 1975ல் சுவீடனின் எய்ம்பொயின்ட் நிறுவனம் இந்த வகை சைட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் எல்.ஈ.டி.யின் ஒளி வளைந்த கண்ணாடியில் பட்டு, ஏறக்குறைய இணைக் கதிர்களாகத் திரும்பி வருகிறது. அதனால் புள்ளி தொலைவில் மிதப்பது போல் தெரியும். 40 வயதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இது பெரிய உபகாரம். இரும்பு சைட்டில் பின் சைட், முன் சைட், இலக்கு என்று மூன்று தூரம், வயதான கண்ணால் கைநீளத் தூரத்தைத் தெளிவாகப் பிடிக்க முடியாது. இங்கே தூரம் ஒன்றே ஒன்று. ஆகவே வாசிக்கிற கண்ணாடியோடு சுடப் போகாதீர்கள், தூரத்தில் இருப்பதைப் பார்க்கப் போடும் கண்ணாடி போதும். இரட்டைக் கண்ணாடி போட்டவர்கள் கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்துவிட்டுப் புள்ளியைக் குறை சொல்கிறார்கள். புள்ளியின் பருமனையும் தெரிந்து வைத்திருங்கள்: 6 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) புள்ளி 10 மீற்றரில் சுமார் 17 மில்லிமீற்றரை மூடும், 3 எம்.ஓ.ஏ. அதில் பாதி.

பயிற்சிக்குத் துப்பாக்கியே தேவையில்லை. நான் கொடுப்பது இதுதான். சுவரில் மூன்று ஸ்டிக்கர், இடைவெளி ஒரே அளவில் வேண்டாம், ஒன்று கிட்ட, ஒன்று எட்ட. மூன்று மீற்றர் தள்ளி நின்று முதல் இரண்டு நாளும் கையைத் தொங்கவிட்டுக் கண்ணால் மட்டும் தாவுங்கள். ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் ஒரு எழுத்தை எழுதி வைத்து, கண் போனதும் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுத்து தெளிவாகத் தெரியாமல் வாயில் வராது, கண் நிலைத்ததற்கு அதுதான் அத்தாட்சி. அப்புறம் கையை நீட்டி, கட்டைவிரலோடு. எழுத்தைச் சொன்ன பிறகே விரல் வந்து சேர வேண்டும். வீட்டில் ஒருவரைச் சுவரோரம் நிற்கவைத்து உங்கள் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். வங்கிக்காரருடைய மகளுக்கு ஒன்பது வயது, "அப்பா, கண்ணு விரலோட போகுது" என்று அவள்தான் கண்டுபிடித்துச் சொல்கிறாளாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். கண் களைத்தபின் செய்யும் பயிற்சி தவறைத்தான் பழக்கும்.

ரேஞ்சில் பயிற்றுநர் சிலர் சைட்டின் முன் கண்ணாடியை டேப் ஒட்டி மறைத்து, இரண்டு கண்ணையும் திறந்து சுடச் சொல்வார்கள். ஒரு கண் பலகையையும் மற்றது புள்ளியையும் பார்க்க, மூளை இரண்டையும் ஒன்றாக்கும். புள்ளியைத் துரத்துகிறவர்களுக்கு நல்ல மருந்து. ஆனால் டேப் ஒட்டியதும் வெடி எப்போதும் ஒரே பக்கமாக விலகி விழுந்தால் பயிற்றுநரோடு வாதாடாதீர்கள். மறைந்திருக்கும் மாறுகண் அப்படித்தான் வெளியே வரும். பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1916ன் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் இங்கே துப்பாக்கி வைத்திருக்க முடியாது, அனுமதியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பொம்மைப் பிஸ்டலை வைத்துக்கூட லயத்து வாசலிலோ ரோட்டோரத்திலோ பயிற்சி செய்யாதீர்கள். துப்பாக்கியைக் கண்டால் நெஞ்சு படபடக்கிற மனிதர்கள் நம் மத்தியில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு அதற்குக் காரணமும் இருக்கிறது. ரேஞ்சில் பொலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சாதாரணப் பவர் கண்ணாடி காப்பாற்றாது, உடைந்தால் அதன் சில்லே கண்ணில் ஏறும்.

மலைநாட்டுக்கே உரிய தொந்தரவு ஒன்று உண்டு. காலைக் குளிரில் கண்ணாடியும் சைட்டும் மூடுபனி பிடிக்கும், வெளியே எடுத்து அதே குளிருக்குப் பழகவிட்ட பிறகு சுடுங்கள். காற்றில் இமைக்காமல் உற்றுப் பார்த்தால் கண்ணீர்ப்படலம் உலர்ந்து புள்ளி கலங்கும். இரண்டு தடவை இமைத்துத் தெளிந்தால் பயமில்லை.

இமைத்தும் தெளியாவிட்டால்? வங்கிக்காரர் வந்து போன அடுத்த வாரம் தியத்தலாவைப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார், வயது 19. நண்பரின் சைட்டில் பார்த்தபோது ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று புள்ளி தெரிந்ததாம். ஒரு வருடத்தில் சிலிண்டர் 1.50இல் இருந்து 3.00க்கு ஏறியிருந்தது. பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் நாலு தடவை கண்ணைக் கசக்கினார். கூம்பு விழிவெண்படலம் என்று சந்தேகப்பட்டு, படலத்தின் வளைவை வரைபடமாக எடுக்கக் கொழும்புக்கு அனுப்பினேன். அதுவேதான். ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டு, புற ஊதா ஒளி பாய்ச்சிப் படலத்தை இறுக்கும் சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலானோருக்கு மேலும் கூம்பாகாமல் அதோடு நின்றுவிடும், கெட்டுப்போன வளைவு மட்டும் பழையபடி ஆகாது. அதனால் நேரத்தோடு வருவது முக்கியம். அவருக்குத் திகதி கிடைத்திருக்கிறது. அதுவரை நான் கொடுத்திருக்கும் பயிற்சி ஒன்றுதான்: கண் அரித்தால் சொட்டு மருந்தைத் தேட வேண்டும், கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கூடாது.