கிடாரைக் கீழே வைத்த பிறகுதான் விரல் கற்றுக்கொள்கிறது

திருப்பூர்க்காரர்களுக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. காலை எட்டரைக்குள் கம்பெனியில் இருக்கணும், ராத்திரி எட்டரை வரைக்கும் மிஷின் ஓடும், வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு முடித்தால் மணி பத்து ஆகிவிடும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு. இந்த ஓட்டத்துக்கு நடுவே ஆசைப்பட்டு ஒரு கிடார் வாங்கி வைத்திருக்கிற பையன்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஏனுங்க, தெனமும் எங்கீங்க நேரம் இருக்குது? ஞாயித்துக்கெழம சேத்தி மூணு மணி நேரம் வாசிச்சா ஆகாதுங்களா?"

ஆகாதுங்க. தினமும் 15 நிமிடம் என்றால் வாரத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்தான், ஞாயிற்றுக்கிழமை மூணு மணி நேரத்தைவிடக் குறைவு, ஆனாலும் விரலில் நிற்பது இந்த ஒன்றே முக்கால்தான். ஒழுக்கம், சிரத்தை என்றெல்லாம் பெரியவர்கள் சொல்கிற காரணத்துக்காக இல்லை. விரல் வேலையை மூளை எப்படிப் பதிந்து வைக்கிறது என்று பார்த்தால் அது தானாகப் புரியும்.

ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு மாறுவதை எடுத்துக்கொள்வோம் (பல கம்பிகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிடும் பிடிதான் கார்ட்), கிடார் எடுத்த எல்லோரும் முதல் மாதத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் அது. ஜி பிடிக்கும்போது நடுவிரல் தடித்த ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டத்தில்) இருக்கிறது, ஆள்காட்டி விரல் ஐந்தாவது கம்பியில் இரண்டாவது ஃப்ரெட்டில், மோதிர விரல் கீழே முதல் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில். சி-க்குப் போக மோதிர விரல் பலகையைக் குறுக்கே தாண்டி ஐந்தாவது கம்பிக்கு ஏறணும், நடுவிரல் நாலாவது கம்பிக்கு இறங்கணும், ஆள்காட்டி இரண்டாவது கம்பியின் முதல் ஃப்ரெட்டுக்கு எட்டணும். மூன்று விரலும் மூன்று திசையில் போகின்றன, தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்தால் இதற்கெல்லாம் கிடைப்பது ஒரு நொடிதான். ஆரம்பத்தில் நாம் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகக் கண்ணால் பார்த்து, யோசித்து, உத்தரவு போட்டு நகர்த்துகிறோம். முன்மூளை இதற்கே முழுசாகச் செலவாகிவிடுவதால்தான் அந்த நேரத்தில் யாராவது பேசினால் கை நின்றுவிடுகிறது. பழகப் பழக இந்த மூன்று அசைவும் ஒரே கட்டாகச் சேர்ந்து மூளையின் அடியிலிருக்கும் பேசல் கேங்கிலியா என்ற பகுதியின் பொறுப்புக்குப் போகிறது, அப்புறம் பாடிக்கொண்டே மாற்றலாம்.

அந்தக் கட்டு எப்போது கட்டப்படுகிறது என்பதுதான் விஷயம். வாசிக்கும்போது பாதிதான் நடக்கிறது. மீதி, கிடாரைக் கீழே வைத்த பிறகு நடக்கிறது.

2002-இல் மேத்யூ வாக்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஒரு சோதனையில், வலதுகைக்காரர்களை இடது கை விரல்களால் விசைப்பலகையில் 4-1-3-2-4 என்ற வரிசையை வேகமாகத் தட்டச் சொன்னார்கள். நம் கிடார் கையும் அதே கைதான். காலையில் பழகிவிட்டு அன்று ராத்திரி, தூங்காமல், மறுபடி தட்டிப் பார்த்தபோது சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. தூங்கி எழுந்து மறுநாள் தட்டியபோது, நடுவில் ஒரு தடவைகூடப் பழகாமலே வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. நேற்று எத்தனை முறை போட்டும் வராத ஒன்று இன்றைக்குக் காலையில் கையில் வந்து நிற்கிறதே என்று கிடார் வாசிப்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள், அதற்குப் பின்னால் இருப்பது இந்தத் தூக்கத்து வேலைதான். அதே 2002-இல் ஜெர்மனியில் ஸ்டெஃபன் ஃபிஷர் குழுவினர் செய்த சோதனையில் பகலில் தூங்கினாலும் இதே பலன் கிடைத்தது. ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுக் காலையில் தூங்குகிறவர்களுக்கு இது முக்கியமான செய்தி: படுப்பதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் கிடைத்தால் அதை வாசிப்புக்குக் கொடுக்கலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஞாயிறு மட்டும் வாசிப்பவருக்கு வாரத்தில் ஒரு தூக்கம்தான் கிடார் வேலைக்குப் பயன்படுகிறது. தினமும் வாசிப்பவருக்கு ஏழு. மஞ்சள் தோட்டத்துக்கு மாசத்துத் தண்ணி முழுசையும் ஒரே நாளில் விட்டால் வாய்க்காலோடு வழிந்துதான் போகும், கிழங்குக்குச் சேராது.

இதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் இசைக்கூடத்திலிருந்து வந்ததில்லை, தபால் ஆபீஸிலிருந்து வந்தது. பிரிட்டனில் அஞ்சல் குறியீட்டை விசைப்பலகையில் தட்டிக் கடிதங்களைப் பிரிக்கும் எந்திரம் வந்தபோது தபால்காரர்களுக்குத் தட்டச்சு கற்றுத்தர வேண்டியிருந்தது. ஆலன் பேட்லியும் லாங்மனும் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்துப் பழக்கினார்கள், 1978-இல் முடிவு வெளியானது. தினம் ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள் விசைப்பலகையைக் கற்று முடிக்கச் சுமார் 35 மணி நேரம் ஆனது. தினம் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மணி நேரம் என்று பழகியவர்களுக்குச் சுமார் 50 மணி நேரம் ஆனது. அதே விசைப்பலகை, அதே பாடம், 15 மணி நேரம் வீண். இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. குறைவான மணி நேரத்தில் கற்றுக்கொண்ட அந்த ஒரு மணி நேரக் குழுவினர்தான் தங்கள் பயிற்சி முறையில் திருப்தி குறைந்தவர்களாக இருந்தார்கள், ஏனென்றால் நாள் கணக்கில் பார்த்தால் மற்றவர்களைவிடப் பின்தங்கித் தெரிந்தார்கள். மூணு மணி நேரம் வாசித்து எழுந்தால் ஏதோ பெரிதாகச் சாதித்த மாதிரி இருக்கும், 15 நிமிடத்தில் எழுந்தால் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். அந்த உணர்வை நம்பக் கூடாது.

தூக்கத்தைவிடச் சின்ன இடைவெளியிலும் இதேபோல ஒன்று நடக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 2019-இல் வெளியான ஆய்வில், ஒரு விரல் வரிசையை 10 நொடி தட்டுவது, 10 நொடி சும்மா இருப்பது என்று மாற்றி மாற்றிச் செய்ய வைத்தார்கள். ஆரம்பக் கட்டத்தில் வேகம் கூடியது தட்டும்போது இல்லை, சும்மா இருந்த அந்தப் பத்து நொடிகளில்தான். 2021-இல் அதே குழு, அந்த ஓய்வில் மூளை அதே வரிசையைச் சுமார் 20 மடங்கு வேகத்தில் தனக்குள் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது என்று கண்டது. இதை எவ்வளவு தூரம் கற்றல் என்று சொல்லலாம், எவ்வளவு தூரம் களைப்பு நீங்கியது என்று சொல்லலாம் என்று விஞ்ஞானிகளுக்குள் விவாதம் இருக்கிறது. எது எப்படியோ, ஜி-சி மாற்றத்தைப் பத்து நொடி போட்டுவிட்டுக் கையைத் தளரவிட்டு மூச்சு விடுவதில் நஷ்டம் ஒன்றும் கிடையாது.

விரல் நுனித் தோலும் இதே கணக்கில்தான் போகிறது. சாதாரண லைட் கேஜ் (மெல்லிய ரக) ஸ்டீல் கம்பி ஆறையும் சுருதி சேர்த்தால் மொத்த இழுவிசை 70 கிலோவுக்குப் பக்கம் வரும், அதை மெல்லிய தோலால் அழுத்துகிறோம். தினமும் கொஞ்சம் அழுத்தினால் மேல்தோல் அடுக்கு சில வாரத்தில் தடித்துக் காய்ப்பு ஏறும். ஞாயிறு மூணு மணி நேரம் அழுத்தினால் கொப்புளம்தான் வரும், ஆறுவதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிடும். குளித்தவுடன் தோல் ஊறி மெத்தென்று இருக்கும், அப்போது வாசிக்காமல் கொஞ்சம் பொறுங்கள்.

சரி, அந்த 15 நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது? எனக்குத் தெரிந்து முதல் தடை நேரம் இல்லை, பை. பீரோவுக்கு மேலே, ஜிப் போட்ட பைக்குள், ட்யூன் இறங்கிக் கிடக்கும் கிடாரை எடுத்து, ஜிப்பைத் திறந்து, கம்பியை மீட்டும் பிக்கைத் தேடி, சுருதி சேர்ப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும், அலுத்து வந்தவனுக்கு அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தாலே கை வராது. பையை விட்டு வெளியே எடுத்துச் சுவரில் மாட்டுங்கள், பக்கத்திலேயே பிக்கும் ட்யூனரும் இருக்கட்டும். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடுகிற வீடுகளில் பஞ்சுத் தூசி படியத்தான் செய்யும், காய்ந்த துணியால் கம்பியைத் துடைத்தால் போச்சு. வெயில் நேரடியாக விழும் சுவர் மட்டும் வேண்டாம், மரமும் பசையும் தாங்காது.

அப்புறம், நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள், ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள். ராத்திரி 9.30-க்கு வாசிப்பேன் என்றால் ஓவர் டைம் வந்த அன்று அது போய்விடும். காலையில் டீ குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்ததும் வாசிப்பேன் என்றால் டீ இருக்கிறவரை அதுவும் இருக்கும்.

கிடைக்கிற 15 நிமிடத்தில் ஒன்றையே போட்டு அரைக்காமல் ஐந்து நிமிடம் கார்ட் மாற்றம், ஐந்து நிமிடம் ஸ்ட்ரம்மிங் (கம்பிகளைத் தாளத்தோடு சேர்த்து வருடுவது), ஐந்து நிமிடம் பாட்டு என்று மாற்றிப் போடுவது நல்லது. திரும்பி வரும்போதெல்லாம் மூளை அதை மறுபடி தேடி எடுக்க வேண்டியிருக்கிறது, அந்தத் தேடல்தான் பதிய வைக்கிறது. வேகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தப்பாக வாசித்தால் தப்பும் அதே சிரத்தையோடு பதியும்.

கிடார் கையில் இல்லாத நேரமும் முழுக்க வீணில்லை. அல்வாரோ பாஸ்குவல்-லியோனே 1995-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம் பியானோவில் ஐந்து விரல் பயிற்சி செய்தது, இன்னொரு குழு பியானோ முன்னால் உட்கார்ந்து வாசிப்பதாக மனசில் மட்டும் ஓட்டியது. இரண்டு குழுவுக்குமே விரலை அசைக்கும் மூளைப் பகுதியில் மாற்றம் தெரிந்தது. மனசில் மட்டும் ஓட்டியவர்கள் ஐந்தாம் நாளில், நிஜமாக வாசித்தவர்களின் மூன்றாம் நாள் தரத்துக்கு வந்திருந்தார்கள். சூலூரிலிருந்து காந்திபுரம் போகிற டவுன் பஸ்ஸில் சீட் கிடைத்தால், ஜி-யிலிருந்து சி-க்கு எந்த விரல் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து பாருங்கள். கிடாருக்கு இது மாற்று ஆகாது, சும்மா உட்கார்ந்து போவதற்கு மாற்று.

வயதைப் பற்றியும் கேட்பார்கள். தாமஸ் எல்பர்ட் குழு 1995-இல் ஒன்பது கம்பி வாத்தியக் கலைஞர்களைப் பரிசோதித்தது: ஆறு வயலின், இரண்டு செல்லோ, ஒரு கிடார். இடது கை விரல்களுக்கு மூளையில் ஒதுக்கப்பட்ட இடம் அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது, சின்ன வயதில் ஆரம்பித்தவர்களுக்கு இன்னும் பெரிது. ஆனால் மேலே சொன்ன சோதனைகள் பலவற்றில் பழகியவர்கள் எல்லோரும் வளர்ந்த ஆட்கள்தான், அந்தத் தபால்காரர்கள் உட்பட.

பழக்கமாகப் பதிய எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று எல்லோரும் சொல்வதை நம்ப வேண்டாம். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு காரியம் தன்னால் நடக்கிற பழக்கமாக மாற நடுவாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை மாறியது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவும் இல்லை. ஊரில் மாரியம்மன் நோம்பி வரும், பொள்ளாச்சியில் மாமன் வீட்டுக் கல்யாணம் வரும், நாலைந்து நாள் கிடாரைத் தொடவே முடியாது. திரும்பி வந்து எடுக்கும்போது விரல் தடுமாறும், எல்லாம் மறந்துபோச்சு என்று தோன்றும். ஹெர்மான் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே வைத்து அளந்து சொன்னது, மறந்ததாகத் தோன்றுவதைத் திரும்பக் கற்க முதல் தடவை ஆனதைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்பது. அதனால் அன்றைக்குப் புதுப் பாட்டு எதுவும் வேண்டாம், பழைய ஜி-சி மாற்றத்தையே மெட்ரோனோம் 60-இல் வைத்துப் பத்து நிமிடம் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.