36 சதவீதம் கூடுதல், 36 சதவீதம் குறைவு: ஒரே கிராபிக்ஸ் கார்டின் கதை

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ என்ற கிராபிக்ஸ் கார்டு (கணினித் திரைக்குப் படத்தை வரைந்து தரும் பலகை) 2020 டிசம்பரில் வெளிவந்தது. அதன் இடத்துக்கு 4060 டிஐ 2023 மே மாதம் வந்தது. இரண்டின் விவரப் பட்டியலையும் அருகருகே வைத்துப் படித்தால் தலை சுற்றும். கணக்குப் போடும் திறனில் புதியது 36 சதவீதம் கூடுதல். நினைவகத்திலிருந்து தரவை இழுக்கும் வேகத்திலோ அதே புதிய கார்டு 36 சதவீதம் குறைவு. சரி, விளையாட்டை ஓட்டிப் பார்த்தால்? 1080பி (முழு எச்டி) திரையில் புதியது சுமார் 10 சதவீதம் முந்துகிறது. நான்கு மடங்கு பிக்சல்கள் கொண்ட 4கே திரைக்குப் போனால் அந்த முன்னிலையும் ஏறக்குறைய கரைந்துவிடுகிறது. பட்டியலில் உள்ள எந்த எண்ணும் பொய்யில்லை. ஆனால் எதுவும் தனியாக நின்று பதில் சொல்வதில்லை.

முதலில் கோர்கள், அதாவது சிப்புக்குள் கணக்குப் போடும் சிறு பிரிவுகள். 3060 டிஐயில் 4,864 கோர்கள் உண்டு, புதியதில் 4,352 மட்டுமே. குறைந்த கோர்களை வைத்துக்கொண்டு கூடுதல் கணக்கு எப்படி வருகிறது என்றால், கடிகார வேகத்தால், அதாவது சிப் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதால். ஒவ்வொரு கோரும் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்தே முடிக்கும். ஆகவே 4,864ஐ இரண்டால் பெருக்கி, பழையது வேலை மும்முரத்தில் தொடும் பூஸ்ட் வேகமான 1.665 கிகாஹெர்ட்ஸால் பெருக்கினால் 16.2 டெராஃப்ளாப்ஸ் கிடைக்கும் (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி தசமக் கணக்குகள்). புதியது 2.535 கிகாஹெர்ட்ஸில் துடிப்பதால் 22 டெராஃப்ளாப்ஸைத் தொடுகிறது. சாம்சங்கின் 8 நானோமீட்டர் சிப் தயாரிப்பு முறையை விட்டு டிஎஸ்எம்சி நிறுவனத்தின், இன்னும் நுணுக்கமான 4என் முறைக்கு மாறியதுதான் இந்தப் பாய்ச்சலுக்கு முக்கியக் காரணம்.

தலைமுறை தாண்டிக் கோர்களை எண்ணி ஒப்பிடுவது வீண் வேலை. 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐக்கும் இதே 4,352 கோர்கள்தான். அதற்கு அடுத்த தலைமுறை 3070இல் 5,888 இருந்தும், விளையாட்டில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே ஓடின. 2080 டிஐயில் தசம எண் கணக்குக்கும் முழு எண் கணக்குக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. அதற்குப் பிறகு, முழு எண்ணுக்கென்று இருந்த பிரிவுக்குத் தசமக் கணக்கும் கற்றுக்கொடுத்து, அதையும் கோர் என்றே எண்ணத் தொடங்கினார்கள். விளையாட்டில் முழு எண் வேலை வரும்போதெல்லாம் அந்தப் பாதி, தசமக் கணக்கை விட்டுவிட்டு அதற்குப் போய்விடும். பட்டியலில் கோர்கள் கூடியதுபோல் தெரிந்தாலும் படத்தில் அவ்வளவு தெரியாது.

இந்தக் கதையின் சுவாரசியமான இடம் நினைவகம்தான். சிப்பையும் நினைவகத்தையும் இணைக்கும் பாதைக்குப் பஸ் என்று பெயர். பழையதன் பஸ் அகலம் 256 பிட். ஒவ்வொரு பிட் தடத்திலும் நொடிக்கு 14 ஜிகாபிட் ஓடும். பெருக்கி எட்டால் வகுத்தால் நொடிக்கு 448 ஜிபி. புதியதில் பஸ் பாதியாகி 128 பிட் ஆகிவிட்டது. தடத்தின் வேகம் 18 ஜிகாபிட்டாக உயர்ந்தும் மொத்தம் 288 ஜிபிதான். இதைப் பார்த்ததும் பலர் கொதித்துப் போனார்கள். கோபத்தில் நியாயம் உண்டு, ஆனால் பட்டியலின் மூலையில் இருக்கும் இன்னொரு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்துக்கொள்ளச் சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான எல்2 கேஷ் 4 எம்பியிலிருந்து 32 எம்பியாக, எட்டு மடங்கு பெருத்திருக்கிறது.

கேட்ட தரவு கேஷிலேயே இருந்துவிட்டால் வெளியே உள்ள நினைவகத்தைத் தொடவே வேண்டாம். பஸ் குறுகலாக இருப்பது உறைக்காது. இந்த உத்தியை 2020லேயே போட்டி நிறுவனமான ஏஎம்டி தன் ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டியில் 128 எம்பி கேஷ் வைத்துச் செய்து காட்டிவிட்டது. அகலமான பஸ்ஸுக்கான சுற்றுகள் சிப்பின் ஓரங்களை அடைத்துக்கொள்ளும். தயாரிப்பு முறை நுணுக்கமானாலும் அவை பெரிதாகச் சுருங்குவதில்லை. அதனால் கேஷைப் பெருக்குவது நிறுவனங்களுக்கு லாபமான வழி.

ஆனால் கேஷுக்கு ஓர் எல்லை இருக்கிறது. 1080பி திரையில் 20,73,600 பிக்சல்கள். பிக்சலுக்கு 4 பைட் என்று கொண்டால் ஒரு முழுப்படத்துக்கு ஏறத்தாழ 8 எம்பி. இன்றைய விளையாட்டுகள் ஒரு பிரேமை (அதாவது திரையில் தோன்றும் ஒரு படத்தை) வரைய நிறம், ஆழம், பரப்பின் திசை எனப் பல அடுக்குகளை வைத்திருக்கும். அப்படி நான்கு அடுக்குகள் 32 எம்பிக்குள் அடங்கும். 4கே திரையில் 82,94,400 பிக்சல்கள். ஓர் அடுக்கே சுமார் 32 எம்பி! அந்த ஒன்றே கேஷை நிரப்பிவிடும். தரவுச் சுருக்கம், படத்தைத் துண்டு துண்டாக வரைவது எனப் பல நுணுக்கங்கள் இருப்பதால் இது தோராயக் கணக்குதான். என்றாலும் போக்கு இதுவே. திரை பெரிதாகப் பெரிதாகக் கேஷில் கிடைக்காத தரவு கூடும், குறுகிய பஸ்ஸின் சுமையும் கூடும். 10 சதவீத முன்னிலை கரைவது இங்கேதான்.

மின்சாரத்தில் போட்டியே இல்லை. பழையது 200 வாட், புதியது 160 வாட். ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை என்று பார்த்தால் புதியது 1080பியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சிக்கனம்.

இரண்டிலும் வீடியோ நினைவகம் 8 ஜிபி. விளையாட்டின் டெக்ஸ்ச்சர்கள் (பொருள்களின் பரப்பில் ஒட்டப்படும் படங்கள்) அதைத் தாண்டி வழிந்தால், மிச்சம் மதர்போர்டில் உள்ள ரேமுக்குப் போய்விடும். அங்கிருந்து, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதை வழியாகத்தான் திரும்ப வர வேண்டும். பழைய கார்டுக்கு 16 தடங்கள், புதியதற்கு 8 மட்டுமே. நான்காம் தலைமுறை பிசிஐஇ உள்ள மதர்போர்டில் 8 தடங்கள் நொடிக்குச் சுமார் 16 ஜிபி கொண்டுவரும். மூன்றாம் தலைமுறை போர்டில் செருகினால் அது 8 ஜிபியாகச் சுருங்கிவிடும். ஆக, பழைய கணினிக்குப் புது உயிர் கொடுக்க நினைப்பவருக்குப் புதிய கார்டுதான் கூடுதல் தொல்லை தரக்கூடும். 2023 ஜூலையில் வந்த 16 ஜிபி வகை இந்த வழிதலைத் தடுக்கும். மற்றபடி அது வேகமான கார்டு அல்ல.

பெஞ்ச்மார்க் எனும் வேகச் சோதனை வரைபடங்களில் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்கள்) மட்டும் போட்டிருந்தால் நான் நம்புவதில்லை. ஒரு நொடியில் 59 பிரேம்கள் தலா 10 மில்லிநொடியில் வந்து, கடைசி ஒன்று மட்டும் 410 மில்லிநொடி இழுத்தாலும் சராசரி 60தான். கண்ணுக்கோ படம் அரை நொடிக்குச் சற்றுக் குறைவாக உறைந்து நின்றது தெரியும். நினைவகம் வழியும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். அதனால்தான் மிக மந்தமான ஒரு சதவீதப் பிரேம்களின் வேகத்தைத் தனியாகப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, பிரேம் ஜெனரேஷன். 4060 டிஐயில் உண்டு, 3060 டிஐக்கு இந்த வசதியை என்விடியா தரவில்லை. வரைந்து முடித்த இரண்டு பிரேம்களுக்கு நடுவே ஒன்றைக் கார்டு ஊகித்துச் செருகும். அதற்காக இரண்டாவது பிரேமைச் சற்றுப் பிடித்துவைக்க வேண்டும். அசைவு வழவழப்பாகும், எஃப்பிஎஸ் எண்ணும் எகிறும். ஆனால் மவுஸை அழுத்தினால் பதில் வரும் நேரம் குறைவதில்லை, கொஞ்சம் கூடவே செய்யும். இதைப் போட்டு எடுத்த எண்ணையும் போடாமல் எடுத்த எண்ணையும் ஒரே வரைபடத்தில் நிறுத்தினால் புதிய கார்டின் பட்டை கூரையைத் தொடும். அந்தப் பட்டைக்குக் கீழே பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகு 10 சதவீதத்தைத் தேடலாம்.