சென்சிடைசேஷன்: விழிப்புணர்வு அல்ல, வேறு

நீதிமன்ற வட்டாரத்தில் அடிக்கடி காதில் விழும் சொல் இது. "நாளைக்கு ஜெண்டர் சென்சிடைசேஷன் புரோகிராம், ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் போகணும்" என்பார்கள். போய் வந்தவரிடம் என்ன வகுப்பு என்று கேட்டால் "விழிப்புணர்வுதான் சார்" என்பார். மேடைக்குப் பின்னால் கட்டிய பேனரிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கும். சொல் சறுக்குவது அங்கேதான்.

லத்தீனில் ‘சென்டீரே’ என்றால் உணர்தல். ‘சென்ஸ்’, ‘சென்சிட்டிவ்’ எல்லாம் அதன் வழி வந்தவை. ‘சென்சிடைஸ்’ என்ற வினை 19ஆம் நூற்றாண்டில், புகைப்படக்காரர்களின் இருட்டறையில் புழங்கத் தொடங்கியது. சாதாரணக் காகிதத்தின்மேல் வெயில் எவ்வளவு நேரம் பட்டாலும் படம் விழாது. அதில் வெள்ளி உப்பைப் பூசிவிட்டால், பட்ட ஒளியெல்லாம் பதிந்துவிடும். அந்தப் பூச்சுவேலைக்குப் பெயர்தான் சென்சிடைசேஷன். பிறகு மருத்துவம் இதை எடுத்துக்கொண்டது. ஒரு பொருளுக்கு உடல் ஒவ்வாமை கொள்ளத் தயாராவதையும் இதே சொல்லால் குறித்தார்கள். மனிதர்களுக்கு நடத்தும் பயிற்சிக்கு வந்தபோதும் இருட்டறைப் பொருள் அழியவில்லை. முன்பு பட்டும் பதியாதது இனிமேல் பதிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்தியாவில் இது சட்டத்துக்குள்ளேயே இருக்கும் சொல். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26இல். அதன் 11ஆம் பிரிவு, காவல் அதிகாரிகள், நீதித்துறைப் பணியினர் உள்ளிட்டோருக்கு அவ்வப்போது ‘சென்சிடைசேஷன் அண்ட் அவேர்னஸ்’ பயிற்சி தரும் கடமையை மத்திய, மாநில அரசுகளுக்கு விதிக்கிறது. இரண்டு சொல்லைப் போட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவேர்னஸ்தான் விழிப்புணர்வு. அப்படியானால் மற்றதற்குத் தமிழ் எங்கே? பேனர் எழுதுபவர் இரண்டையும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்.

வேறுபாடு என்னவென்று நீதிமன்ற ஜன்னலில் நின்று பார்த்தால் தெரியும். இந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் ஒரு பெண் மனு கொடுத்தால், மனு வந்த நாளிலிருந்து சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும். உத்தரவின் நகலை அவருக்குக் காசு வாங்காமல் தர வேண்டும். இதெல்லாம் தெரிந்த எழுத்தர் விழிப்புணர்வு உள்ளவர். அவரே மனுவைப் புரட்டிக்கொண்டு, வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி, "ஏம்மா, இதுக்குப் போய் கோர்ட்டுக்கு வரணுமா? பேசி முடிச்சுக்கிடக் கூடாதா?" என்கிறார் என்று வையுங்கள். விதி மீறப்படவில்லை. தேதியும் 3 நாளுக்குள் போட்டுக் கொடுத்துவிடுவார். ஆனால் அந்தப் பெண் அடுத்த வாய்தாவுக்கு வருவாரா என்பதை அந்த ஒரு கேள்வி தீர்மானித்துவிடக்கூடும்.

அதே ஜன்னலில் இன்னொருவர், "உட்காருங்கம்மா, இன்னும் நாலு கேஸ் கழிச்சுத்தான் உங்களுது" என்கிறார். சொல்லிவிட்டு வராந்தாவை ஒருமுறை எட்டிப் பார்க்கிறார். கணவன் வீட்டார் உட்கார்ந்திருக்கும் பெஞ்சிலேயே இந்தப் பெண்ணுக்கும் இடம் காட்டியிருக்கிறார்கள். உடனே உள்ளே இருந்து ஒரு நாற்காலியை நகர்த்திப் போடச் சொல்கிறார். இப்படிச் செய் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. பட்டது பதிந்தது.

பாலியல் வன்முறை வழக்கில் இது இன்னும் கூர்மையானது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228-ஏ பிரிவில் குற்றமாக இருந்தது, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் குற்றம். வன்புணர்வு வழக்கை மூடிய அறையில்தான் விசாரிக்க வேண்டும். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் வராந்தாவில் நின்று டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூடிய கதவுக்கு என்ன வேலை?

ஆனால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு நீதிமன்றத்தில் பெயர் சொல்லிக் குறிப்பது ‘நீதித்துறைப் பணியினரை’. அதாவது நீதிபதிகளை. 2021 மார்ச் 18இல் அபர்ணா பட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேசியதும் பெரிதும் நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள் பயிற்சியைப் பற்றித்தான். பெண்ணின் மானத்துக்குக் குந்தகம் செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்டவர், அந்தப் பெண் வீட்டுக்கே ராக்கியும் இனிப்பும் கொண்டுபோய்க் கட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் ஜாமீன் நிபந்தனை விதித்திருந்தது. அதை ரத்துசெய்த தீர்ப்பு அது. சிரஸ்தார் (தலைமை எழுத்தர்), பெஞ்ச் கிளார்க், தட்டச்சர், டவாலி ஆகியோர் அடங்கிய ‘நீதிமன்ற அலுவலகம்’ கண்ணில் படுவது 2022 ஜனவரி 11இல், ஸ்மிருதி துக்காராம் படாடே வழக்கில். எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கான தனி வாக்குமூல மையங்கள் பற்றிய உத்தரவில், நீதிபதிகள், வழக்கறிஞர்களோடு அவர்களுக்கும் பயிற்சி தேவை என்று சொல்லி, அதை வடிவமைக்க நீதிபதி கீதா மிட்டல் தலைமையில் குழு அமைத்தார்கள். ஜன்னலில் முதலில் பார்க்கிற முகம் பட்டியலில் கடைசியாக வந்து சேர்ந்தது.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘உணர்திறன் பயிற்சி’ ஓரளவு புழக்கத்தில் இருக்கிறது. தப்பில்லை. ஆனால் திறன் என்றதும் மைக்கும் அளவுக் கருவியும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘உணர்வூட்டல்’ என்பது உணர்ச்சியூட்டல் பக்கம் சாய்கிறது. நீதிமன்ற ஊழியர் உணர்ச்சிவசப்பட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

எதிர்ச்சொல்லிலிருந்து போனால் வழி தெரிகிறது. ஒரே நாளில் கட்டுக்கட்டாக வழக்குக் கட்டைப் புரட்டுகிறவருக்கு என்ன ஆகிறது? மரத்துப் போகிறது. மரம்போல் ஆவது மரத்தல். அதற்கு நேர் எதிராகப் பேச்சுத் தமிழில் இருப்பது ‘உறைத்தல்’. மிளகாய் நாக்கில் உறைப்பதும், சொன்னது மனசில் உறைப்பதும் ஒரே வினை. "எத்தனை தடவை சொன்னாலும் அவனுக்கு உறைக்கவே மாட்டேங்குது" என்கிறோமே, சென்சிடைசேஷன் இல்லை என்பதுதான் அதன் பொருள். இருட்டறைப் பொருளுக்கு இதைவிடக் கிட்டத்தில் வரும் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வசவு வாடை அடிப்பதால் பேனரில் மட்டும் ஏறாது.

இலக்கியத்தில் ‘கண்ணோட்டம்’ இருக்கிறது. இன்று பார்வைக்கோணம் என்ற பொருளுக்குப் போய்விட்டது. குறளில் அது பிறர் நிலை கண்டு இரங்கும் இயல்பு. "கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு" என்று 578ஆம் குறள் தொடங்குகிறது. அந்தக் கருமத்துக்குப் பரிமேலழகர் சொல்லும் பொருள் முறைசெய்தல், அதாவது நீதி வழங்கல். பயிற்சி வகுப்பில் எழும் முதல் சந்தேகத்துக்கு இதில் பதில் உண்டு: "அப்போ நாங்க பொம்பளைங்க பக்கம் சாயணுமா சார்?" சாய வேண்டாம், முறை சிதையாமல் இரங்கினால் போதும். ஆனால் ‘பாலினக் கண்ணோட்டப் பயிற்சி’ என்று இன்று எழுதினால், ஏதோ ஒரு கோணத்தில் பார்க்கச் சொல்வதாகத்தான் படிப்பார்கள். சொல் கைமாறிவிட்டது, விட்டுவிட வேண்டியதுதான்.

என் தேர்வு ‘நுண்ணுணர்வு’. "நுண்ணுணர்வு இன்மை வறுமை" என்று நாலடியார் சொன்ன பழைய சொல், இன்றைக்கும் விளக்கவுரை இல்லாமல் புரிகிறது. ஒரு சங்கடம் உண்டு. அதே பாட்டின் பின்பாதி, அறிவில்லாதவன் செல்வத்துக்கு உவமையாகப் பேடியின் அணிகலனைச் சொல்லி ஏளனம் செய்கிறது. பாலின நுண்ணுணர்வு வகுப்பில் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் நடத்துவதானால் முழுப் பாட்டையும் வாசித்து, எங்கே இடறுகிறது என்று அவர்களையே கேட்பேன்.

அதனால் பாலின நுண்ணுணர்வுப் பயிற்சி. வினையாகச் சொல்ல நேர்ந்தால் ‘ஊட்டல்’ வேண்டாம், ‘பழகுதல்’ போதும்: ஊழியர்கள் நுண்ணுணர்வு பழகுகிறார்கள். சட்டம் ‘அவ்வப்போது’ என்று சொன்னதும் அந்த வினைக்குள்ளேயே வந்துவிடுகிறது.