சூப்பர் குளூ கண்ணில் பட்டால் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடாதீர்கள்

சின்னச் சின்னப் போர் வண்டி மாதிரிகளை ஒட்டி மேசைப் போர் விளையாடும் தம்பிகளே, உங்களைத்தான் சொல்கிறேன். இந்த வாரமும் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர் வலது கண் இமைகள் ஒட்டிப்போய், அம்மா கையைப் பிடித்தபடி கண் மருத்துவரான என்னிடம் வந்து நின்றார். கட்டிக்கொண்டிருந்தது நம்ம தென்னாப்பிரிக்காவின் ஜி-6 மாதிரி. 1987இல் அங்கோலாப் போரில் இறங்கியதே, அந்த ஆறு சக்கர 155 மில்லிமீட்டர் பீரங்கி வண்டி. நிஜத்தில் ஏழு மீட்டர் நீளக் குழல், 1:72 அளவில் பத்து சென்டிமீட்டர்கூட வராது. வளைந்து வந்த ரெசின் (அச்சில் வார்த்த பிளாஸ்டிக்) குழலை வெந்நீரில் போட்டு அழகாக நிமிர்த்தியிருக்கிறார், ஆனால் ஒட்டும் நேரத்தில் பசைக் குப்பியின் மூக்கு அடைத்துக்கொள்ள, அதை முகத்துக்கு நேரே பிடித்துக் குண்டூசியால் குத்தி அமுக்கியிருக்கிறார். அப்புறம் என்ன.

பசை பட்டதுகூடப் பரவாயில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துக் கண்மேல் வைத்துத் தேய்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சக்கரத்தோடு விரல் ஒட்டிக்கொண்டால் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் பிரித்துவிடுகிறது, சரி, அதனால் கண்ணையும் பிரிக்கும் என்று ஒரு கணக்கு. ஐயா, விரல் தோல் வேறு, கருவிழி வேறு! அசிட்டோன் கருவிழியின் மேல்படலத்தைப் புண்ணாக்கிவிடும். பசையால் வந்த தொல்லை சில நாளில் தீர்ந்துவிடும், நீங்கள் செய்த வைத்தியத்தால் வந்ததற்குத்தான் நான் வாரக்கணக்கில் மருந்து எழுத வேண்டியிருக்கிறது. ஒட்டிய இமை பெரும்பாலும் ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் தானே விட்டுவிடும். இழுக்காதீர்கள், கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், இணையத்தில் யாரோ சொன்னார் என்று எதையும் ஊற்றாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள், ஈரத் துணியை அழுத்தாமல் மேலே போட்டுக்கொண்டு நேராகக் கண் மருத்துவரிடம் வாருங்கள். தானே திறக்கும் என்றால் எதற்கு வர வேண்டும் என்று கேட்பீர்கள். இமைக்குள் இறுகிய பசைத் துணுக்கு ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கருவிழியைக் கீறும், அதைப் பார்க்கத்தான்.

பாதுகாப்புக் கண்ணாடி ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிறது, மூக்குக் கண்ணாடி அதற்கு ஈடாகாது. குப்பி அடைத்தால் மூக்கு நுனியைக் கீழ்நோக்கிப் பிடித்து வெட்டுங்கள், இல்லை புதுக் குப்பி வாங்குங்கள், ஒரு கிட் வாங்குகிற காசில் எத்தனையோ குப்பி வரும். சிந்திய பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள், சூடேறிப் புகைந்து கையைச் சுட்டுவிடும். ரெசினைத் தண்ணீர் தொட்டு உரசுங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு. மின்சாரம் போன இரவில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஆறு சக்கரத்தையும் மேசையில் சமமாக நிறுத்தியே தீருவேன் என்று உட்காராதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன், காலையில் ஒட்டினாலும் அந்த வண்டி ஓடப்போவதில்லை.

இன்னொன்று, பசைக் குப்பியைக் கண் சொட்டு மருந்து வைக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் கைக்கு ஒரே மாதிரி இருக்கும், கண் அழுத்தத்துக்குச் சொட்டு விடும் தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் பசையைப் பூட்டியே வையுங்கள்.